நெல்லுக்குக் கிடைக்கும் ஆதரவு விலை நிலக்கடலைக்கு ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி இது: "மத்திய அரசு ஒவ்வொரு ஆண்டும் இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் நெல் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் அந்த விலைக்கு விற்றதாகக் கேள்விப்பட்டதில்லை. அறிவித்த விலைக்குக் கீழே யாரும் வாங்கக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டால் தீர்ந்துவிடாதா?"

விலை தானாக யாரையும் தாங்காது, வாங்குகிற ஆள்தான் தாங்குவார். "சந்தையில் இதற்குக் கீழே போனால் நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று அரசு கொடுக்கும் வாக்குதான் ஆதரவு விலை. அந்த வாக்கைக் காப்பாற்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கொள்முதல் மையம் வேண்டும், சாக்கு வேண்டும், தராசு வேண்டும், கிடங்கு வேண்டும், கையில் பணம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கியதைக் கொண்டுபோய்த் தீர்க்க ஓர் இடம் வேண்டும். நெல்லுக்கு இவையெல்லாம் ஏறக்குறைய இருக்கின்றன. நிலக்கடலைக்கு இல்லை. 2025-26 பருவத்துக்கு நிலக்கடலையின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய், மக்காச்சோளத்துக்கு 2,400, துவரைக்கு 8,000. இப்படி அறிவிப்பு இருந்தாலும், மண்டிக்கு அன்றைக்கு எத்தனை மூட்டை வந்தது, எத்தனை வியாபாரிகள் வந்தார்கள் என்பதை வைத்துத்தான் அன்றைய விலை முடிவாகிறது. பருப்பு, எண்ணெய்வித்துக்களை நாஃபெட் என்ற தேசியக் கூட்டுறவு விற்பனை அமைப்பின் மூலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் வாங்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்கு அளவு வரம்பு உண்டு, தொடங்கும் தேதி உண்டு. அது தொடங்குவதற்குள் கடன்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் விற்று முடித்திருப்பார்.

நெல்லும் கோதுமையும் மட்டும் ஏன் வேறு மாதிரி என்பதற்கு 1965-க்குப் போக வேண்டும். நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த காலம். சி. சுப்பிரமணியம் உணவு அமைச்சர். அதிக மகசூல் தரும் புது விதைகளைக் கொண்டுவரும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. விதையையும் உரத்தையும் காசு கொடுத்து வாங்கச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் நன்றாக விளைந்து விலை சரிந்தால் விவசாயி அடுத்த வருடம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். அதனால் விலையைப் பரிந்துரைக்க ஒரு விலைக் குழுவும், அந்த விலைக்கு வாங்க இந்திய உணவுக் கழகமும் 1965 ஜனவரியில் சேர்ந்தே பிறந்தன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில்தான் திறக்கப்பட்டது. விலை சொல்கிற அமைப்பும் வாங்குகிற அமைப்பும் ஒன்றாகவே தொடங்கின என்பதைக் கவனியுங்கள். பின்னால் ஆதரவு விலைப் பட்டியலில் பயிர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வாங்குகிற அமைப்பு அவற்றோடு சேர்ந்து வளரவில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சங்கிலி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். 2002 அக்டோபர் முதல் மாநில அரசே மத்தியத் தொகுப்புக்காக, அதாவது மத்திய அரசின் தானிய இருப்புக்காக, நெல்லை வாங்குகிறது. நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி கொள்முதல் நிலையம் திறந்து, வாங்கிய நெல்லை ஆலையில் அரைத்து, அரிசியை இங்கேயே ரேஷன் கடைக்கு அனுப்புகிறது. செலவில் மத்திய அரசின் பங்கு மானியமாகத் திரும்பி வருகிறது. 2 கோடிக்கும் அதிகமான குடும்ப அட்டைகள் உள்ள மாநிலம் இது. 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். மாதா மாதம் இவ்வளவு அரிசி தேவைப்படுவதால்தான் திருவாரூர் விவசாயியிடம் நெல் வாங்க அரசுக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2020-21 பருவத்தில் சுமார் 45 லட்சம் டன் நெல் இப்படி வாங்கப்பட்டது. ரேஷன் கடையை நகரத்து ஏழைக்கான உதவியாக மட்டும் நாம் பார்க்கிறோம். டெல்டா விவசாயிக்கு அதுதான் பெரிய வாடிக்கையாளர்.

சரி, நெல்லுக்காவது எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? இங்கேதான் அறிவிப்புக்கும் கைக்கு வரும் காசுக்கும் நடுவில் உள்ள தூரம் தெரிகிறது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் டெல்டாவின் குறுகிய காலப் போகமான குறுவையின் அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வரும். அதே நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் வரும். கொள்முதல் விதிப்படி நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மழைக்கு நடுவே அறுத்த நெல்லில் 20, 22 என்று சாதாரணமாக இருக்கும். காய வைக்க வெயில் இல்லை, களம் போதாது, தார்ச்சாலைதான் களம். அங்கே இரவும் பகலும் படுதாவை விரிப்பதும் மூடுவதுமாக ஆட்கள் காத்துக் கிடப்பதை அந்தப் பக்கம் பயணம் போன யாரும் பார்த்திருப்பார்கள். மழை பெய்த ஆண்டுகளில் மாநில அரசு கடிதம் எழுதும், மத்தியக் குழு மாதிரி எடுக்க வரும், பல ஆண்டுகளில் 19 அல்லது 20 சதவீதம் வரை தளர்வு கிடைத்திருக்கிறது. 2025 அக்டோபரிலும் 22 சதவீதம் கேட்டு மாநில அரசு எழுதியது. இந்தத் தளர்வு வந்து சேர ஆகும் நாட்களில் குவியலில் முளை விட்டுவிடுகிறது. ஒவ்வொரு ஆண்டும் வரும் மழைக்கு ஒவ்வொரு ஆண்டும் புதிதாக அனுமதி கேட்க வேண்டியிருப்பது எனக்குப் புரியவே இல்லை. குறுவைக்கென்று நிரந்தரமான ஒரு ஈரப்பத விதியும் அதற்கேற்ற விலைக் கழிவும் முன்கூட்டியே எழுதி வைப்பதில் என்ன தடை?

இன்னொரு மாற்றத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. முன்பு ஆள் வைத்து அறுத்தபோது ஒரு ஊரின் அறுவடை சில வாரங்களுக்கு நீளும். நெல் கொஞ்சம் கொஞ்சமாகவே வெளியே வரும். இன்று பெல்ட் வண்டி என்னும் அறுவடை இயந்திரம் இறங்கினால் ஊரே சில நாட்களில் முடிந்துவிடுகிறது. கொள்முதல் நிலையம் ஒரு நாளில் எடை போடக்கூடிய மூட்டைகளுக்கு ஓர் அளவு உண்டு. வாங்கிய மூட்டையைக் கிடங்குக்கு ஏற்ற லாரி வரவில்லை என்றால் அடுக்க இடமில்லை. அடுக்க இடமில்லை என்றால் அடுத்தவர் நெல்லை எடை போட மாட்டார்கள். சாக்கு தீர்ந்தால் அதுவும் ஒரு வாரம். இப்படி நெல் குவிந்து நிற்கும்போதுதான் தனியார் வியாபாரி வருகிறார். ஈரம் பார்க்க மாட்டார், வரிசை இல்லை, கையோடு பணம். விலை மட்டும் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26-ல் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் விலை 2,389 ரூபாய், மாநில அரசின் ஊக்கத்தொகை 156, ஆக 2,545. 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு 1,018 ரூபாய். வெளியே குவிண்டாலுக்கு 300 ரூபாய் குறைத்து விற்றால், ஏக்கருக்கு 22 குவிண்டால் கண்டவருக்கு 6,600 ரூபாய் போகிறது. அந்தப் போகத்தில் மிஞ்சுவதில் பெரும்பகுதியே அதுவாக இருக்கலாம். கொள்முதல் நிலையத்திலேயே விற்றாலும் மூட்டைக்கு இவ்வளவு என்று கை மாறும் தொகை பற்றிய புகார் எல்லாப் பருவத்திலும் எழுகிறது. சுமை தூக்குபவரின் கூலியை அரசு நியாயமாகக் கொடுக்காதவரை அது விவசாயியின் தலையில்தான் விழும்.

நல்லது நடந்ததையும் சொல்ல வேண்டும். கொள்முதல் பருவம் முன்பு அக்டோபர் 1-ல் தொடங்கும். செப்டம்பரில் அறுத்தவர் புது விலை வரும்வரை காத்திருக்கவும் முடியாது, பழைய விலைக்கு விற்கவும் மனம் வராது. 2022 முதல் தமிழ்நாட்டுக்குச் செப்டம்பர் 1-லேயே தொடங்க அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு தேதியைத்தான் மாற்றினார்கள். குறுவை விவசாயிக்கு அது நேரடியாகப் பணமாகவே வந்தது.

இனி விலை நிர்ணயம். இதில்தான் அதிகம் சண்டை. அரசு சொல்வது: செலவுக்கு மேல் 50 சதவீதம் கொடுக்கிறோம். விவசாயச் சங்கங்கள் சொல்வது: கொடுக்கவில்லை. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், 'செலவு' வேறு வேறு. விதை, உரம், கூலி, டீசல் என்று கையிலிருந்து போனதையும் குடும்பத்தார் உழைப்புக்கு ஒரு மதிப்பையும் கூட்டினால் ஒரு தொகை வரும். இதை ஏ2+எஃப்எல் என்பார்கள். சொந்த நிலத்தின் வாடகை மதிப்பு, போட்ட முதலுக்கான வட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் சி2. 2023-24-ல் நெல்லுக்கு முதல் கணக்கில் 1,455 ரூபாய் வந்தது, ஒன்றரை மடங்கு 2,183. அதுதான் அந்த ஆண்டு அறிவித்த விலை. சி2 கணக்கில் 1,911 ரூபாய். அதற்கு ஒன்றரை மடங்கு போட்டால் 2,866 ரூபாய்க்கு மேல். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் சொன்ன 50 சதவீதத்தை இந்த முழுச் செலவின் மேல் கேட்பதுதான் சங்கங்களின் கோரிக்கை. என் பார்வையில், குத்தகைக்கு எடுத்து உழுபவருக்கு நிலத்தின் வாடகை என்பது கையிலிருந்து போகும் காசு. அவருக்கும் சொந்த நிலக்காரருக்கும் ஒரே மாதிரியான சராசரிச் செலவைக் காட்டுவது நியாயமாகப் படவில்லை. ஆனால் குவிண்டாலுக்கு 700 ரூபாய் ஏற்றுவதைவிட, இப்போதைய விலையையே எல்லோருக்கும் கிடைக்கச் செய்வது அதிகம் பேரைக் காப்பாற்றும். 2015-ல், உணவுக் கழகத்தின் சீரமைப்பை ஆராய்ந்த சாந்த குமார் குழு, நாட்டில் 6 சதவீத விவசாயிகளே கொள்முதல் அமைப்புகளுக்கு ஆதரவு விலையில் விற்கிறார்கள் என்றது. அந்த எண் அதற்கும் முந்தைய கணக்கெடுப்பிலிருந்து எடுத்தது, இப்போது கூடியிருக்கலாம். பாதியைத் தொடவில்லை என்பதில் சந்தேகமில்லை.

சட்டம் போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வியாபாரி கீழே வாங்கினால் தண்டனை என்று எழுதினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. மகாராஷ்டிரா 2018-ல் அந்த வழியில் போகப் பார்த்தது. சிறை, அபராதம் என்று பேச்சு வந்ததும் வியாபாரிகள் கொள்முதலை நிறுத்தினார்கள், அரசு பின்வாங்கியது. வியாபாரிக்கு வாங்காமல் இருக்கும் உரிமை உண்டு. அறுத்த விவசாயிக்கு விற்காமல் இருக்க முடியாது. சரக்கு தேங்கிய நாளில் இந்தச் சட்டம் தாக்குவது யாரை என்பது தெளிவு.

சட்டப்படி விலை பெற்ற பயிர் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: கரும்பு. 1966-ன் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஆலை கரும்பை எடுத்த 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும். 2025-26-க்கு 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு, அதாவது கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அந்த விகிதத்துக்கு, குவிண்டால் 355 ரூபாய். தமிழ்நாட்டில் பல ஆலைகளில் 9.5 சதவீதத்துக்கும் கீழே என்பதால் இங்கே பலருக்கு 329 ரூபாய் 5 காசுதான். அதையும் நிலுவை வைத்த ஆலைகளின் வாசலில் போராட்டம் நடத்தாத கரும்பு மாவட்டம் இல்லை. சர்க்கரை விலை விழுந்தால் ஆலையிடம் காசு இல்லை, காசு இல்லாதவரிடம் ஆணையைக் காட்டி என்ன பயன்? ஆனாலும் கரும்பு விவசாயிக்கு நீதிமன்றம் போக ஒரு காகிதம் இருக்கிறது. கடலை விவசாயிக்கு அதுவும் இல்லை. அதனால் சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் அரசைக் கட்ட வேண்டும்: விலை இதற்குக் கீழே போனால் இத்தனை நாளுக்குள் கொள்முதல் தொடங்கியே தீர வேண்டும் என்று.

விலை வித்தியாசத்தை மட்டும் விவசாயியின் வங்கிக் கணக்கில் போடலாமே என்பார்கள் சிலர். மத்தியப் பிரதேசம் 2017-ல் பாவாந்தர் திட்டத்தில் அதைச் செய்தது. அரசு வித்தியாசத்தைக் கொடுக்கும் என்று தெரிந்ததும் மண்டியில் உளுந்து போன்றவற்றின் விலை இன்னும் விழுந்தது. மானியத்தின் ஒரு பகுதி வியாபாரியிடம் போய்ச் சேர்ந்தது. பதிவு செய்யாத விவசாயிக்கு இரட்டை அடி. அரசு ஒரு சரக்கை நிஜமாகவே வாங்க இறங்கினால் நடப்பது வேறு. மொத்த விளைச்சலையும் வாங்க வேண்டியதில்லை, ஒரு பகுதியை வாங்கத் தொடங்கினாலே வெளியிலும் விலை ஏறிவிடும். அதனால்தான் 2024 பிப்ரவரியில் விவசாயிகள் டெல்லியை நோக்கிக் கிளம்பியபோது பேசப்பட்ட 'எல்லாப் பயிரையும் ஆதரவு விலைக்கு வாங்க 10 லட்சம் கோடி ரூபாய் ஆகும்' என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. விளைந்தது எல்லாம் விற்பனைக்கு வருவதில்லை, விற்பனைக்கு வருவதெல்லாம் ஆதரவு விலைக்குக் கீழே போவதில்லை, வாங்கியதைக் கடலில் கொட்டப் போவதும் இல்லை. கொப்பரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் அரைவைக் கொப்பரைக்கு ஆதரவு விலை கிலோ 108 ரூபாய் 60 காசு. வெளிச்சந்தை அதற்கு வெகு கீழே கிடந்தது, தென்னை விவசாயிகள் தேங்காயைச் சாலையில் உடைத்தார்கள். 2025-ல் வெளிச்சந்தை 200-ஐத் தாண்டியது. முதல் ஆண்டில் அரசு இறங்க வேண்டும், பிந்தைய ஆண்டில் அரசுக்கு வேலையே இல்லை.

அளவில்லாமல் வாங்குவதன் கேட்டையும் மறைக்கக் கூடாது. பஞ்சாபில் விற்பனைக்கு வரும் நெல்லில் ஏறக்குறைய முழுவதையும் அரசு வாங்குகிறது, மின்சாரமும் இலவசம். 1960-களின் தொடக்கத்தில் இரண்டு லட்சம் ஹெக்டேர் சொச்சம் நெல் இருந்த மண்ணில் இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். நிலத்தடி நீர் போன வேகத்தைப் பார்த்து, நாற்று நடும் தேதியையே சட்டத்தால் கட்டுப்படுத்தினார்கள் 2009-ல். அங்கே விவசாயி பேராசையால் நெல் போடவில்லை. வாங்க ஆள் உறுதியாக இருக்கும் பயிரைப் போட்டார், அவ்வளவுதான். மாற்றுப் பயிர் போடுங்கள் என்று அறிவுரை சொல்வதால் இது மாறாது. மாற்றுப் பயிரை வாங்கினால் மாறும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு சோதனை நடக்கிறது. தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. அதற்காகத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகைக் கொள்முதல் மையம் வைத்து ஆதரவு விலைக்கே வாங்கத் தொடங்கினார்கள். கேழ்வரகுக்கு ஆதரவு விலை பல ஆண்டுகளாகவே பட்டியலில் இருக்கிறது. ரேஷன் கடையில் அதற்கு இடம் கிடைத்த பிறகுதான் வாங்க ஆள் வந்தார்.

நிலக்கடலைக்கும் துவரைக்கும் இதே கதவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கிலோ துவரம் பருப்பும் லிட்டர் பாமாயிலும் மலிவு விலையில் தருகிறார்கள். பருப்புக்கு டெண்டர் விடுகிறார்கள், அதில் கனடா மஞ்சள் பருப்புக்கும் இடம் உண்டு. பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. மாநில அரசின் காசு ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் ஒரு பங்கை உள்ளூர்க் கடலைக்கும் தேங்காய்க்கும் திருப்பச் சொல்லி விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். கடலை எண்ணெய் பாமாயிலைவிட விலை கூடுதல், எல்லா அட்டைக்கும் எல்லா மாதமும் கொடுக்க முடியாது. அதனால் விளையும் மாவட்டங்களில், அறுவடை முடிந்த சில மாதங்களுக்கு, சத்துணவுக் கூடங்களில் தொடங்கலாம். கடலைமிட்டாயாகவும் எண்ணெயாகவும் அங்கே உடனே செலவாகும், கிடங்கில் சிக்குப் பிடிக்கக் காத்திருக்காது.

எந்தப் பயிரானாலும் குத்தகைதாரரை மறந்துவிட்டு இதைச் செய்யக் கூடாது. நெல் விற்கவே நில உரிமையைக் காட்டும் சிட்டா, வயலில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கேட்கிறார்கள். டெல்டாவில் கோவில், மடத்து நிலத்தையும் வெளியூர்க்காரர் நிலத்தையும் வாய்வார்த்தைக் குத்தகைக்கு உழுபவர்கள் ஏராளம். நில உரிமையாளர் கையெழுத்துப் போடத் தயங்கினால், விளைய வைத்தவர் வேறு ஒருவர் பெயரில்தான் தன் நெல்லை விற்க வேண்டும், இல்லையென்றால் வியாபாரியிடம் போக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வயலை நேரில் பார்த்து, பயிர் வைத்தவர் பெயரை அடங்கலில் ஏற்றினாலே இந்தச் சிக்கலில் பாதி தீரும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, நடவு முடிந்த கையோடு செய்ய வேண்டிய வேலை.